லேபிளுக்குப் போன பிறந்தநாள் படம்

அன்பு மகனுக்கு,

உன் அப்பா உள்ளே ஒருவரைப் பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார வைத்து, நாடியைத் தூக்குங்க, இறக்குங்க, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க என்று பாடாய்ப் படுத்திக்கொண்டிருக்கிறார். கடைசியில் அந்த மனிதர் வந்து உட்கார்ந்தபோது எப்படி இருந்தாரோ அப்படியேதான் எடுப்பார். அதற்குள் ஒரு பக்கமாவது எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்திருக்கிறேன். நாங்கள் நன்றாக இருக்கிறோம். விருதுநகர் வெயிலைப் பற்றி உனக்கு எழுத வேண்டியதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் ஒன்று கேட்டாய். சென்னையில் ஆல்பம் டிசைனும் டிஜிட்டல் வேலையும் கற்று முடித்து வந்ததும் சிவகாசியில் உன் பேரில் ஸ்டுடியோ திறக்கப்போகிறாய். பார்ட்டி வந்து புக் பண்ணுவதிலிருந்து ஆல்பத்தை வாங்கிக்கொண்டு போவது வரைக்கும் எல்லாருக்கும் ஒரே மாதிரி நடக்க வேண்டும், நம் கடையில் நீ எப்படிச் செய்கிறாயோ அதை எழுதி அனுப்பும்மா என்றாய். கேட்டதும் எனக்கு ஒரே பெருமை. இத்தனை வருடமும் கல்லாப் பக்கம் நான் செய்கிற வேலைக்கு நீ வைத்த பெயர் நச்சரிப்பு. இரண்டு பக்கத்தில் எழுதிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் வியாழக்கிழமை தாயில்பட்டியிலிருந்து ஒரு பெண் கடைக்கு வந்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு இந்தக் கடிதம் இரண்டு பக்கத்தில் அடங்குவதாக இல்லை. அவள் விஷயத்துக்கு வருகிறேன். அதற்குள் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, உன் வழக்கம் எனக்குத் தெரியும்.

வருகிறவர்களை முதலில் உட்கார வை. மாதிரி ஆல்பத்தை உடனே எடுத்து நீட்டாதே. அதை நீட்டினால் அவர்கள் யார் வீட்டுக் கல்யாணத்தையோ பார்த்து, நமக்கும் இதே போல என்று சொல்லிவிடுவார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணம் எப்படி என்று உனக்குத் தெரியாமலே போய்விடும். முகூர்த்தம் எங்கே, மண்டபமா கோயிலா, முதல் நாளே அழைப்பு உண்டா, வீட்டில் உடம்புக்கு முடியாமல் படுத்திருக்கிறவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேள். படுத்திருக்கிறவர்களிடம் பொண்ணு மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு படம் எடுப்பதற்கு நேரம் ஒதுக்க வேண்டும், அதை அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, எழுதியதை அவர்கள் காது கேட்க ஒருமுறை வாசித்துக் காட்டு. நான் வாசிக்கும்போது நீ வாசலில் நின்று கொட்டாவி விடுவாய். அந்த வாசிப்பில்தான் தேதி மாறியிருப்பதும் ஊர்ப் பெயர் மாறியிருப்பதும் எனக்கு அகப்பட்டிருக்கின்றன.

காரியாபட்டிக் கல்யாணத்தை நீ மறந்திருக்க மாட்டாய், நீ அப்போது லைட் பிடிக்கப் போயிருந்தாய். உன் அப்பா வாழை இலையில் தண்ணீர் தெளித்திருப்பதை எடுத்தார், குத்துவிளக்கை எடுத்தார், பந்தலுக்குள் விழுந்த வெயிலை எடுத்தார். ஆல்பத்தை வாங்க வந்த பெண்ணின் அம்மா முதலிலிருந்து கடைசி வரை புரட்டிவிட்டு, மறுபடி கடைசியிலிருந்து முதல் வரை புரட்டினார். எங்க அண்ணனைக் காணோமே என்றார். பெண்ணுக்குத் தாய்மாமன். சீர்த்தட்டோடு முன்னால் வந்த மனிதர். ஒரு படத்திலும் இல்லை. மறுநாள் அவரே வந்தார். சண்டை போடத்தான் வருகிறார் என்று நினைத்து உன் அப்பா இருட்டறைக்குள் போய்விட்டார். அவர் சண்டை போடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, "நான் வரலேன்னுல்ல நாளைக்குச் சொல்லுவாக" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்றைக்குப் பிறகுதான் பெண் வீட்டுக்கு ஒருவர், மாப்பிள்ளை வீட்டுக்கு ஒருவர் என்று உறவுமுறை தெரிந்த ஆளை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்கிறேன். அவர்கள் உன் பக்கத்திலேயே நின்று இது மாமா, இது சித்தப்பா என்று காட்டிக் கொடுப்பார்கள். அதற்கு மேல் நீ விளக்கை எடு, வெயிலை எடு, யாரும் கேட்க மாட்டார்கள்.

எடுத்து முடித்த பிறகு தேதி சொல்லுவதில் கவனமாக இரு. உன்னால் முடிகிற தேதியைச் சொல். பார்ட்டி சந்தோஷப்படட்டும் என்று ஒரு தேதியைச் சொல்லிவிட்டு, பிறகு அவர்கள் தலையைக் கண்டதும் பின்பக்கமாகப் போகிற பழக்கம் நம் தெருவிலேயே இருக்கிறது. நெகட்டிவை நான் உறையில் போட்டுப் பெயரும் ஊரும் எழுதி வைத்த மாதிரி, உன் கம்ப்யூட்டரில் இருப்பதை இன்னொரு இடத்திலும் ஒரு பிரதி போட்டு வை. ஆல்பம் போய்ச் சேர்ந்து அவர்கள் சரி என்று சொல்லுகிற வரைக்கும் எதையும் அழிக்காதே. வரிசை மாற்றாதே. ஒரு பெரிய வீட்டிலிருந்து ஆள் விட்டு, எங்கள் ஆல்பத்தை முன்னால் முடிங்க, அந்தத் தீப்பெட்டி ஆபீஸ்காரங்களுது பின்னால் இருக்கட்டும் என்று சொன்னபோது உன் அப்பா கையைப் பிசைந்தார். நான் முடியாது என்றேன். அந்த வீட்டில் அடுத்த கல்யாணத்துக்கு நம்மைக் கூப்பிடவில்லை. போகட்டும். நீ போனில் சொன்ன 'எல்லாருக்கும் ஒரே மாதிரி' என்பதற்கு இப்படியும் சில விலை உண்டு, அதைத் தெரிந்துகொண்டு ஆரம்பி.

அப்புறம் ஷோகேஸ். கண்ணாடிக்குள் ஒரு படத்தை வைப்பதற்கு முன் அந்த வீட்டில் கேட்டுவிடுவேன். பெண்பிள்ளை படம் என்றால் அந்தப் பிள்ளையையும் தனியாகக் கேட்பேன். உன் அப்பா சிரிப்பார். ஒருமுறை தாவணி போட்ட ஒரு பெண்ணின் படம் அவ்வளவு அழகாக விழுந்திருந்தது. அவளுடைய அப்பா தாராளமா வைங்க என்று சொல்லிவிட்டார். அவர் பின்னால் நின்ற பிள்ளை என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டியது, வேண்டாம் என்று. நான் வைக்கவில்லை. பெரிய சைஸில் போட்ட பிரிண்ட் வீணாகிவிட்டதே என்று நீதான் அதிகமாக வருத்தப்பட்டாய். ஷோகேஸுக்கு இவ்வளவு பார்க்கிற நான், கடைக்கு வெளியே போகிற படத்துக்கும் அதே மாதிரி கேட்க வேண்டும் என்று உனக்கு வாயால் சொன்னதில்லை. நீயே தெரிந்துகொண்டிருப்பாய் என்று இருந்துவிட்டேன்.

இப்போது வியாழக்கிழமை விஷயம். முத்துச்செல்வியை உனக்கு நினைவிருக்கும். தாயில்பட்டியில் அவள் பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்கு நீ புது டிஜிட்டல் கேமராவைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போனாய், நீயாக எடுத்த முதல் ஆர்டர். மஞ்சள் கவுன் போட்ட குழந்தை. பட்டாசுக் கம்பெனியில் லேபிள் ஒட்டுகிறவள் அவள். அன்றைக்கு வேலைக்குப் போகிற நேரத்தில் இரண்டு பஸ் மாறி நம் கடைக்கு வந்திருந்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. சேலை முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு லேபிளை எடுத்து மேசையில் விரித்தாள். ஒவ்வொரு வெடியின் மேலும் சுற்றி ஒட்டுகிற சின்ன லேபிள். அதில் அவள் பிள்ளை. கவுனின் நிறத்தைச் சிவப்பாக மாற்றியிருந்தார்கள். அதன் கையில் ஒரு மத்தாப்பையும் வரைந்து சேர்த்திருந்தார்கள்.

"யக்கா, இது யாரு குடுத்த படம்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அச்சகத்துக்காரர்கள் எங்கிருந்தோ திருடியிருப்பார்கள் என்று சத்தியமாக நம்பினேன், அப்படியே அவளிடம் சொல்லவும் செய்தேன். அவள் குனிந்து பிள்ளையின் கன்னத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். "பொட்டைக் காணோம்க்கா. கண்ணு பட்டுறக் கூடாதுன்னு நான் மையைக் கொழச்சு வச்ச பொட்டு. அதை அழிச்சிட்டுல்ல போட்டிருக்காக."

பிறகு நடந்ததைச் சொன்னாள். முந்தின நாள் புது லேபிள் கட்டுக் கட்டாக அவர்கள் உட்கார்ந்து ஒட்டுகிற ஷெட்டுக்கு வந்திருக்கிறது. பிரித்துப் பார்த்தால் அவள் பிள்ளை. முதலில் சிரிப்பு வந்ததாம், பக்கத்தில் இருந்தவர்களிடம் எம்புள்ள என்று காட்டியிருக்கிறாள். பசையைத் தடவி முதல் வெடியைக் கையில் எடுத்தபோதுதான் கை நின்றுவிட்டது. போர்மேன் வந்து படம்தானே, ஒட்டு என்றிருக்கிறார். மாட்டேன் என்றிருக்கிறாள். ஒட்டுகிறது என்றால் இரு, இல்லையென்றால் வீட்டுக்குப் போ என்று சொல்லிவிட்டார். மற்ற பெண்கள் வேலையை நிறுத்த முடியாது, சீசன் நேரம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மட்டும் அவள் எழுந்து போகிற வரைக்கும் அந்த லேபிள் கட்டை, பிள்ளை முகம் தெரியாதபடி கவிழ்த்து வைத்திருந்தாளாம். "இத்தன வருசமா மத்தவக புள்ளைகளத்தான் ஒட்டியிருக்கேன். ஒரு நாளும் ஒண்ணும் தோணல" என்றாள். லேபிளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "வெடிக்கிற சாமான்ல எம்புள்ள மொகத்த நானே எப்படிக்கா ஒட்டுவேன்?" என்று கேட்டாள்.

படம்தானே என்று உனக்கும் தோன்றலாம், அதனால் எழுதுகிறேன். நாம் இருக்கிற ஊர் இது. ஷெட்டில் ஒரு விபத்து என்றால் மறுநாள் காலையில் நம் கடைக்கு யார் வருவார்கள், எந்தக் குரூப் போட்டோவைக் கொண்டுவந்து எந்த முகத்தை மட்டும் தனியாகப் பெரிதாக்கித் தரச் சொல்வார்கள் என்று உனக்குத் தெரியும். நீயே எத்தனை முகத்தை அப்படி வெட்டி எடுத்துக் கொடுத்திருக்கிறாய். அந்தப் பெண்ணும் தினமும் அதே ஷெட்டுக்குள் போய் வருகிறவள். பயம் என்று வாயைத் திறந்து அவர்கள் சொல்வதில்லை. சொன்னால் வேலைக்குப் போக முடியாது.

அவள் இருக்கும்போதே, லேபிள் ஓரத்தில் பெயர் போட்டிருந்த சிவகாசி அச்சகத்துக்குப் போன் போட்டேன். உன் கூட்டாளிதான் எடுத்தான், அங்கே டிசைன் பண்ணுகிறவன். கத்த வேண்டும் என்று இருந்தேன். அவன் வெகு சாதாரணமாக, "தம்பிதான் சிடி குடுத்தாப்ல. கம்பெனிக்குப் புதுப் புள்ளைப் படம் வேணும்னாக, இது நல்லா இருந்துச்சு. ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்" என்றான். நான் போனை வைத்தேன். முத்துச்செல்வி என் முகத்தைப் பார்த்தாள். அவளிடம் மறைக்கவில்லை. என் மகன்தான் கொடுத்திருக்கிறான் என்று சொன்னேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தம்பி நல்லாத்தானே எடுத்துச்சு, புள்ளை அழுதப்ப எம்புட்டுப் பொறுமையா இருந்துச்சு என்று சொல்லிவிட்டு, லேபிளை மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்து போனாள்.

உன் மேல் கோபம் வந்தது. இன்னும் இருக்கிறது. நீ காசுக்காகக் கொடுக்கவில்லை, எனக்குத் தெரியும். நீ எடுத்த படம் அச்சில் வருகிறது, ஊர் ஊராகப் போகிறது என்ற ஆசையில் கொடுத்திருப்பாய். ஒரு வார்த்தை அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவள் சரி என்றுகூடச் சொல்லியிருப்பாள், பிள்ளை படம் அட்டையில் வருவது பெருமைதானே. எந்த வெடிக்கு என்று கேட்டிருப்பாள். பொட்டை அழிக்காதீக என்று சொல்லியிருப்பாள். மத்தாப்பு டப்பா என்றால் சரி, வெடி வேண்டாம் என்றிருப்பாள். அவள் சொல்ல வேண்டிய அத்தனையையும் நீயும் உன் கூட்டாளியும் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சொல்லி முடித்துவிட்டீர்கள்.

நேற்று, வெள்ளிக்கிழமை, சிவகாசிக்குப் போனேன். அச்சக முதலாளி அண்ணாச்சி உட்காரச் சொல்லி, காபி வரவழைத்து, பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஒட்டாமல் கிடப்பதை எல்லாம் திருப்பி வாங்கிக் கிழித்துவிடுகிறேன், கம்பெனியிடம் நானே பேசுகிறேன் என்றார். ஆனால் அடுத்த வாரம் மிஷினில் மறுபடி அதே லேபிள் ஏற வேண்டும், தீபாவளி லோடு கிளம்புகிற நேரம், ஆர்டரை நிறுத்த முடியாது என்றார். பூப் படம், மயில் படம் போடலாமே என்றேன். அந்தக் கம்பெனிக்குப் பிள்ளை முகம்தான் ராசியாம், வேறு எதையும் ஒத்துக்கொள்ள மாட்டார்களாம். "வேற புள்ளப் படம் குடுங்க, ப்ளேட்டை மாத்திருதேன். வரலேன்னா பழைய ப்ளேட்டுதான் ஏறும் தாயி, என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்றார். அவர் தலைக்கு மேல் சுவரில் பேரப்பிள்ளையின் படம் மாட்டியிருந்தது, கிருஷ்ணன் வேஷம் போட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில், "இந்தப் படத்தைப் போடுவமா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டேன். அவர் திரும்பி அந்தப் படத்தைப் பார்த்தார். அதற்கப்புறம் என்னைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த காகிதங்களை அடுக்கினார். செவ்வாய்க்கிழமை வரைக்கும் மிஷினை நிறுத்தி வைக்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து பிள்ளைகள் படம் இருக்கிற பெட்டிகளை இறக்கினேன். நம்மிடம் இல்லாத குழந்தையா. மொட்டை அடித்தது, காது குத்தியது, தவழ்வது, பல் இல்லாமல் சிரிப்பது. ஒவ்வொரு உறையாக எடுத்துப் பெயரையும் ஊரையும் படித்துவிட்டுத் திரும்ப வைத்தேன். பாதி உறையில் ஊர் தாயில்பட்டி, வெம்பக்கோட்டைப் பக்கம். அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களும் ஏதோ ஒரு ஷெட்டில் பசைக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருப்பவர்கள்தான். மற்ற வீடுகளில் நான் போய்க் கேட்டால், என் முகத்துக்காகச் சரி என்பார்கள். அந்தச் சரியை வாங்க எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் உன் படத்தை எடுத்தேன். ஒரு வயது முடிந்து எடுத்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் பட்டுக் கவுனை உனக்குப் போட்டு, பூ வைத்து, உன் அப்பா சாவிக் கொத்தை ஆட்டி ஆட்டிச் சிரிக்க வைத்த படம். உன் கல்யாணத்தில் உன் பெண்டாட்டிக்குக் காட்டி மானத்தை வாங்க வேண்டும் என்று பத்திரப்படுத்தி வைத்திருந்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. லேபிளுக்கு ஏற்ற முகம். உன் அப்பா பார்த்துவிட்டு, நம்ம புள்ள படம்தானே, இதையே குடுத்துருவோம் என்றார். நானும் உறைக்குள் போட்டு முகவரி எழுதும் வரைக்கும் போய்விட்டேன். அப்போது என்னை அறியாமல் உன் முகத்தை ஒரு வெடியின் மேல் சுற்றிப் பார்த்தேன், மனதுக்குள்தான். தீபாவளி அன்று தெருவெல்லாம் கிழிந்து கிடக்கும் காகிதத்தில் உன் கண்ணும் வாயும் கிடப்பதை நினைத்தேன். எனக்குப் பயமாக இருந்தது, ராசா. அந்தப் பெண்ணுக்கு என்ன இருந்திருக்கும் என்று அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. அது வரைக்கும் அவளுக்காக வருத்தப்பட்டேனே தவிர, தெரிந்துகொண்டிருக்கவில்லை.

உறையை மூடி வைத்துவிட்டு, அவனைக் கேட்க வேண்டும் என்றேன். உன் அப்பா சிரித்துவிட்டார். "பெத்த புள்ளகிட்டப் போயா அனுமதி கேப்பாக?" என்றார். ஆமாம் என்றேன். போனில் கேட்கவில்லை. போனில் கேட்டால் நீ பஸ்ஸுக்குள் நின்றுகொண்டு, சரிம்மா குடும்மா என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதி இன்றே கூரியரில் அனுப்புகிறேன்.

முத்துச்செல்வி இன்னும் வேலைக்குப் போகவில்லை. அந்த லேபிள் ஷெட்டை விட்டுப் போனால் வருவேன் என்று சொல்லியிருக்கிறாள். அதைச் சொல்லி உன்னை நெருக்குவதாக நினைக்காதே. இதைப் படித்து முடித்த பிறகு உனக்கு வேண்டாம் என்று தோன்றினால், போன் போட்டு வேண்டாம் என்று சொல். நான் மறுபடி அண்ணாச்சி முன்னால் போய் நிற்பேன், அந்தப் பழைய ப்ளேட் ஏறாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. உன்னிடம் ஒரு நாளும் அதைக் குத்திக் காட்ட மாட்டேன். ஆனால் நீ எந்தப் பதில் சொன்னாலும், ஊருக்கு வந்ததும் புதுக் கடைக்கு இடம் பார்க்கும் முன்னால் தாயில்பட்டிக்குப் போய் அவளைப் பார். நான் கூட வர மாட்டேன். அவள் உட்காரச் சொல்லும் வரைக்கும் நின்று பேசு.

படத்தின் ஒரு பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். எந்த வெடிக்கு என்பதை அதன் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். லேபிள் என்ன அளவு, எந்த ஊர்களுக்குப் போகும் என்று அண்ணாச்சியைக் கேட்டு அதையும் எழுதியிருக்கிறேன். கன்னத்தில் பொட்டு கொஞ்சம் பெரிதாகவே இருக்கிறது, அன்றைக்கு நீ முகத்தைத் திருப்பித் திருப்பி மையை இழுவிவிட்டாய். கொடுத்தாலும் அதை அழிக்கக் கூடாது என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன். நன்றாகப் பார். அவசரம் இல்லை, செவ்வாய்க்கிழமைக்குள் சொன்னால் போதும். நான் பெற்ற பிள்ளைதான், நாங்கள் எடுத்த படம்தான். ஆனாலும் முகம் உன்னுடையது.

கொடுக்கட்டுமா, ராசா?

பதில் வரும் வரை கல்லாவை விட்டு எழுந்திருக்காத
உன் அம்மா